மூலநிரலின் கதை – அத்தியாயம் 11: தரகர் இல்லாத கரை

கி.பி. 866. விழிஞ்ஞத்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட ஆய் மன்னன் கருநந்தடக்கன், ஒரு கல்விச்சாலைக்குச் செப்பேடு எழுதிக் கொடுத்தான். முஞ்சிறைச் சபையாரிடமிருந்து நிலத்தை மாற்றாகப் பெற்று, பார்த்திவசேகரபுரத்தில் கோயில் எடுத்து, அதை ஒட்டிச் சாலை அமைத்தான். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துப் பார்த்திபபுரம்தான் அந்த ஊர். காந்தளூர்ச் சாலையின் முறைப்படி நடக்க வேண்டும் என்பது அரசன் விதித்த ஏற்பாடு. சாலையில் மொத்தம் 95 இடங்கள். வேதக் கிளை வாரியாக 45, 36, 14 என்று பிரித்து எழுதியிருக்கிறது. உணவுக்கு நிலம் விட்டிருக்கிறது. ஒழுங்கு தவறினால் என்ன தண்டம் என்பதும் உண்டு.

அரசன் செய்தது பெரிய கொடைதான். ஆனால் அதே ஆண்டில் விழிஞ்ஞம் துறையில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர்களின் பிள்ளைகளுக்கு அந்த 95-இல் ஓர் இடம்கூட இல்லை. படிப்பு அன்று உரிமம் பெற்றவர்களுக்கான பொருள். உரிமத்தை எழுதியவன் அரசன். மற்றவர்கள் கேள்வி கேட்கவில்லை, கேட்கும் இடத்திலும் இல்லை.

ஆயிரத்து நூற்று முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, அதே கடற்கரையில், அதே கேள்வி மறுபடி எழுந்தது. இம்முறை உரிமம் செப்பேட்டில் வரவில்லை. பிளாஸ்டிக் உறைக்குள் பளபளக்கும் ஒரு சி.டி.யில் வந்தது. இம்முறை கேள்வி கேட்க ஆட்கள் இருந்தார்கள்.

அவர்கள் யார்? அதைச் சொல்ல வேண்டுமானால் கணினியை விட்டுச் சற்று விலகி, கடலுக்குப் போக வேண்டும்.

* * *

சென்ற வாரம் ரிச்சர்ட் ஸ்டால்மனை அமெரிக்காவில் விட்டுவிட்டு வந்தோம். எம்.ஐ.டி. ஆய்வகத்தில் காகிதம் சிக்கிக்கொண்டே இருந்த ஜெராக்ஸ் அச்சுப்பொறி, அதைச் சரிசெய்ய அவர் கேட்ட மூலநிரல், கொடுக்க மாட்டேன் என்று மறுத்த இன்னொரு பல்கலைக்கழகத்துக்காரர், அந்தக் கசப்பிலிருந்து 1983 செப்டம்பரில் பிறந்த க்னூ திட்டம் ஆகியவற்றைப் பார்த்தோம். பார்க்கவும், திருத்தவும், பிறருக்குக் கொடுக்கவும் உரிமை உள்ள மென்பொருளைக் கட்டற்ற மென்பொருள் என்கிறோம். அந்த எண்ணம் அங்கே உருவாகிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், திருவனந்தபுரம் கடற்கரையில் என்ன நடந்துகொண்டிருந்தது?

விழிஞ்ஞம் முதல் அஞ்சுதெங்கு வரையிலான கரையில் அன்று மீனுக்கு விலை சொன்னவர் மீன் பிடித்தவர் இல்லை, தரகர். மரம் வாங்க, வலை வாங்க, மகள் கல்யாணத்துக்கு என்று மீனவர் அவரிடம் முன்பணம் வாங்குவார். வட்டி என்று தனியாகப் பெரிதாக எதுவும் அவர் கேட்க மாட்டார். ஒரே ஒரு நிபந்தனைதான்: பிடிக்கிற மீனை எனக்கே தர வேண்டும். அந்த ஒரு நிபந்தனை போதும். விலை அவர் கையில், அளவு அவர் கையில், அடுத்த முன்பணமும் அவர் கையில். கடன் தீராது. தீர்ந்துவிட்டால் தரகருக்குத்தான் நட்டம்.

இந்தக் கட்டை அவிழ்க்க முயன்ற இடம் விழிஞ்ஞத்துக்கு வடக்கே, அதே கரையில் இருக்கும் மரியநாடு. 1960களின் தொடக்கத்தில் திருவனந்தபுரம் லத்தீன் மறைமாவட்டத்தைச் சேர்ந்த ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரைரா, வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்த மீனவக் குடும்பங்களைக் குடியமர்த்தி உருவாக்கிய ஊர் அது. இந்த ஆயரின் பெயரைத் தமிழ் வாசகர்கள் வேறொரு கதையில் கேட்டிருப்பார்கள். தும்பாவில் ராக்கெட் தளம் அமைக்க இடம் தேடி விக்ரம் சாராபாய் வந்தபோது, மேரி மக்தலேனா தேவாலயத்தையும் அதைச் சுற்றிய மீனவர் நிலத்தையும் விட்டுக்கொடுக்க மக்களைச் சம்மதிக்க வைத்தவர் அவர்தான். 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியபோது அங்கே பணியாற்றிய இளைஞர்களில் ராமேஸ்வரத்துக்காரர் ஒருவரும் இருந்தார். அவரை இந்த அத்தியாயத்தில் மறுபடி சந்திப்போம்.

மரியநாட்டு மீனவர்கள் சங்கம் வைத்தார்கள். மீனைத் தாங்களே ஏலம் விட்டார்கள். தரகர்கள் சும்மா இருக்கவில்லை, எதிர்ப்பு கடுமையாகவே இருந்தது. ஆனால் ஏலம் நின்றுவிடவில்லை. பக்கத்து ஊர்கள் பார்த்தன, தாங்களும் சங்கம் வைத்தன. 1980-இல் அந்தச் சங்கங்கள் சேர்ந்து தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, சுருக்கமாக சிஃப்ஸ், உருவானது. தலைமையகம் திருவனந்தபுரம்.

இந்தத் தொடருக்கு மிக முக்கியமான செய்தி இனிமேல்தான் வருகிறது. கட்டுமரத்துக்கான மரமும், வள்ளம் குடைவதற்கான பெருமரமும் அந்த ஆண்டுகளில் அருகிப்போய் விலை ஏறிவிட்டன. மாற்றுப் படகு தேவைப்பட்டது. கன்னியாகுமரி மாவட்டம் முட்டத்தில், வெளிநாட்டுப் படகு வல்லுநர்களும் உள்ளூர்த் தச்சர்களும் மீனவர்களும் சேர்ந்து பிளைவுட் படகு ஒன்றை வடிவமைத்தார்கள். பலகைகளை வெட்டி, ஓரங்களைக் கம்பியால் தைத்து, மூட்டுகளில் ஃபைபர் கிளாஸ் பூசிக் கட்டும் முறை. அலையடிக்கும் கரையில் இறக்கி ஏற்ற முடிந்தது. வெளிப்பொருத்து மோட்டாரும் தாங்கியது.

படகு ஓடியதும் என்ன நடந்திருக்க வேண்டும்? வேறொரு உலகமாக இருந்தால், வடிவத்துக்குக் காப்புரிமை வாங்கி, கட்டுகிறவனிடமெல்லாம் கட்டணம் கேட்டிருப்பார்கள். இங்கே நடந்தது வேறு. கூட்டமைப்பின் படகுப் பட்டறையில் வேலை கற்ற தச்சர்கள் வெளியே போய்த் தாங்களே படகுப் பட்டறை வைத்தார்கள். அளவுகளை எடுத்தார்கள், நகல் செய்தார்கள். ஒவ்வொரு கரையின் அலைக்கும் தொழிலுக்கும் ஏற்ப நீளத்தைக் கூட்டினார்கள், அணியத்தை உயர்த்தினார்கள். வடிவம் கரைக்குக் கரை மாறியபடியே திருவனந்தபுரம், கன்னியாகுமரிக் கடற்கரை முழுக்கப் பரவியது. ஸ்டால்மன் 1989-இல் வழக்கறிஞர் மொழியில் எழுதி வைத்த பொது உரிமத்தின் உயிர்க்கூறு எதுவோ, அதை இந்தக் கரையில் தச்சர்கள் உளியால் செய்துகொண்டிருந்தார்கள்.

இரண்டுக்கும் தொடர்பு உண்டா, அல்லது இது எழுதுகிறவன் கட்டும் முடிச்சா என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு. ஒரு மனிதரின் உருவில் உண்டு.

சதீஷ் பாபு. மீனவர் கூட்டமைப்பான சிஃப்ஸில் பல ஆண்டுகள் பணியாற்றி, அதன் தலைமைச் செயல் அலுவலராகவும் இருந்தவர். பின்னாளில் கேரள அரசு திருவனந்தபுரத்தில் கட்டற்ற மென்பொருளுக்கென்று ஐசிஃபாஸ் என்ற சர்வதேச மையத்தை அமைத்தபோது அதன் முதல் இயக்குநர். மீன் ஏலக் கணக்கையும் மூலநிரலையும் ஒரே ஆள் கையாண்ட ஊர் உலகில் வேறெங்கும் இருக்குமா என்பது சந்தேகம்தான்.

* * *

2001 ஜூலை 20, திருவனந்தபுரம். தாடியும் நீண்ட முடியுமாக ஸ்டால்மன் மேடையில் இருந்தார். இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அன்று தொடங்கப்பட்டது. அமெரிக்காவில் 1985-இல் பிறந்த தாய் அமைப்புக்கு ஐரோப்பாவில் கிளை முளைத்தே சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஆசியாவில் இதுதான் முதல் கிளை. பெங்களூரில் இல்லை, ஹைதராபாத்தில் இல்லை, சென்னையில் இல்லை. ஏன் திருவனந்தபுரம்?

டெக்னோபார்க் என்ற மென்பொருள் பூங்கா இருந்தது, அதனால்தான் என்று ஒரு வரியில் சொல்லிவிடுவார்கள். எனக்கு அது போதவில்லை. மென்பொருள் நிறுவனங்கள் அதிகம் இருந்த ஊர் என்றால் பெங்களூர் அல்லவா முந்தியிருக்க வேண்டும்? இங்கே வேறு மண் இருந்தது. 1945-இல் பி.என். பணிக்கர் தொடங்கிய நூலக இயக்கம் ஊர்தோறும் வாசகசாலை வைத்திருந்தது. 1962-இல் பிறந்த கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத், அறிவியலை மலையாளத்தில் எழுதி வீதிக்குக் கொண்டுவந்திருந்தது. 1991-இல் மாநிலம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டபோது, பாடம் சொல்லிக்கொடுத்தவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். அறிவைப் பங்கிட்டுக் கொள்வது நல்ல காரியம் என்பதை ஸ்டால்மன் வந்து இவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

எழுத்தைப் பற்றிய ஒரு காயமும் இருந்தது. 1971-இல் தட்டச்சு இயந்திரத்துக்கு அடங்க வேண்டும் என்பதற்காக மலையாளக் கூட்டெழுத்துகள் பலவற்றை உடைத்துச் சீர்திருத்தினார்கள். இயந்திரத்தின் வசதிக்காக மொழி தன் உருவத்தை விட்டுக்கொடுத்தது. கணினி வந்த பிறகும் அந்தக் கட்டாயம் தொடர வேண்டுமா என்று கேட்டு, 1999-இல் ஆர். சித்ரஜகுமாரும் கே.எச். ஹுசைனும் நண்பர்களும் 'ரசனா' இயக்கத்தைத் தொடங்கினார்கள். பழைய கூட்டெழுத்துகள் அத்தனையையும் எழுத்துருவாக வரைந்தார்கள். பிற்பாடு அந்த எழுத்துரு கட்டற்ற உரிமத்தில் எல்லோருக்கும் கிடைத்தது. இயந்திரத்தை மனிதனுக்கு ஏற்ப மாற்ற வேண்டும் என்ற பிடிவாதம் இந்த ஊரில் அப்போதே இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அதே நகரத்தில் சி.வி. ராதாகிருஷ்ணன், டெக் என்ற கட்டற்ற அச்சுக்கோப்பு மென்பொருளைக் கொண்டே உலக ஆய்விதழ்களுக்கு அச்சுக்கோத்துத் தொழில் நடத்திக்கொண்டிருந்தார். 2002 செப்டம்பரில் அந்த மென்பொருளின் உலகப் பயனர்கள் ஆண்டு மாநாட்டுக்குத் திருவனந்தபுரம் வந்தார்கள்.

ஆக, ஊர் தயாராகவே இருந்தது. ஆனால் மாநாடு நடத்துவது வேறு, அரசை மாற்றுவது வேறு. ஸ்டால்மன் விமானம் ஏறிய அதே ஆண்டில், அரசு வேறொரு திசையில் நடக்கத் தொடங்கியிருந்தது.

* * *

2001-இல் கேரளக் கல்வித்துறை 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. விண்வெளி விஞ்ஞானி யு.ஆர். ராவ் தலைமையிலான குழுவின் பரிந்துரை அதற்கு அடிப்படை. எட்டாம் வகுப்பிலிருந்து கணினியைப் பாடமாக்குவது என்று முடிவாயிற்று. நல்ல முடிவுதான். கடற்கரையில் மீன் கூடை சுமக்கும் பெண்ணின் மகளும் கணினியைத் தொட வேண்டும் என்ற எண்ணத்தில் யார் குறை காண முடியும்?

குறை பாடநூலைத் திறந்தபோதுதான் தெரிந்தது. கணினியைப் பற்றிய பாடம் என்று சொல்லப்பட்டது, ஏறக்குறைய ஒரே நிறுவனத்தின் பொருள்களைப் பற்றிய பாடமாக இருந்தது. எந்தப் பட்டியலைத் திறந்து எந்த வரியைச் சொடுக்க வேண்டும் என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். அடுத்த பதிப்பில் நிறுவனம் அந்த வரியை இடம் மாற்றினால் மனப்பாடம் செய்தது வீண். அரசு பணம் கொடுத்து உரிமம் வாங்க வேண்டும், வாங்கிய உரிமத்தை ஒவ்வொரு பதிப்புக்கும் புதுப்பிக்க வேண்டும். ஆசிரியர் தன் வீட்டுக் கணினியில் அதே மென்பொருளை வைத்துப் பாடம் தயாரிக்க நினைத்தால், ஒன்று பணம் கட்ட வேண்டும், அல்லது திருட்டு நகல் எடுக்க வேண்டும். வகுப்பில் நேர்மையைப் போதிக்கும் ஆசிரியரை வீட்டில் திருடனாக்கும் ஏற்பாடு இது.

நிறுவனங்களும் கை கட்டி நிற்கவில்லை. 2002 நவம்பரில் விண்டோஸ் தயாரிக்கும் அந்த நிறுவனத்தின் பில் கேட்ஸ் இந்தியா வந்தார். மூன்று ஆண்டுகளில் 40 கோடி டாலர் முதலீடு என்று அறிவித்தார். ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் கணினிப் பயிற்சி தரும் 'சிக்‌ஷா' திட்டமும் அந்த அறிவிப்பை ஒட்டி வந்தது. பயிற்சி இலவசம் என்றுதான் சொன்னார்கள். தரகர் கொடுத்த முன்பணம்கூட வட்டியில்லாமல்தான் வந்தது. நிபந்தனை எங்கே இருக்கிறது என்று பார்ப்பதற்குக் கடற்கரைக்காரன் பழகியிருந்தான், கல்வித்துறை பழகியிருக்கவில்லை.

அந்தப் பயணத்தில் கேட்ஸ் குடியரசுத் தலைவரையும் சந்தித்தார். தும்பாவில் நாம் விட்டுவந்த ராமேஸ்வரத்துக்காரர் அப்போது அந்த மாளிகையில் இருந்தார். ஏ.பி.ஜே. அப்துல் கலாம். பேச்சு மென்பொருளின் பாதுகாப்பைத் தொட்டது. இருவருக்கும் கருத்து ஒத்துப்போகவில்லை. இதைக் கிசுகிசுவாக யாரும் கசியவிடவில்லை, கலாமே வெளிப்படையாகச் சொன்னார். 2003 மே 28 அன்று புனேயில் ஒரு தகவல் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் பேசும்போது அந்தச் சந்திப்பைக் குறிப்பிட்டு, இந்தியா போன்ற நாட்டில் கோடிக்கணக்கானவர்களுக்குப் பயன்பட வேண்டுமானால் மூலநிரல் திறந்த மென்பொருளே பெரிய அளவில் வளர வேண்டும் என்றார். உலகின் மிகப் பெரிய பணக்காரரோடு ஒத்துப்போகவில்லை என்று ஒரு குடியரசுத் தலைவர் பொது மேடையில் சொன்ன அந்த நாளை நம் பாடநூல்கள் ஏனோ மறந்துவிட்டன.

ஆனால் கலாமின் பேச்சு பாடநூலை மாற்றவில்லை. அதை மாற்றியவர்கள் பள்ளி ஆசிரியர்கள்.

* * *

கேரளப் பள்ளி ஆசிரியர் சங்கம், கே.எஸ்.டி.ஏ., இடதுசாரிச் சார்புள்ளது. அன்று ஆட்சியில் இருந்தது காங்கிரஸ் கூட்டணி. எனவே எதிர்ப்பில் அரசியல் கலந்திருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வெறும் அரசியல் என்று ஒதுக்குகிறவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும்: எத்தனை ஆசிரியர் சங்கங்கள் சம்பளத்தையும் பணியிடமாறுதலையும் தாண்டி, பிள்ளைகள் எந்த மென்பொருளில் படிக்கிறார்கள் என்பதற்காகப் போராடியிருக்கின்றன?

சங்கத்தின் கோரிக்கை எளிமையானது. பொதுப் பணத்தில் நடக்கும் பள்ளி ஒரு நிறுவனத்தின் விற்பனைக் கூடமாகக் கூடாது. கட்டற்ற இயங்குதளமான க்னூ லினக்ஸைப் பாடத்தில் சேர்க்க வேண்டும். கல்வித்துறையின் பதிலும் எளிமையானது: லினக்ஸ் கடினம், ஆசிரியர்களுக்குத் தெரியாது. அந்தப் பதிலில் பாதி உண்மை இருந்தது. அன்றைய லினக்ஸில் அச்சுப்பொறியை இயங்கவைப்பதற்கே ஒரு மாலைப்பொழுது போய்விடும். மலையாளம் திரையில் உடைந்து தெரியும்.

அங்கேதான் இரண்டு கூட்டங்கள் கைகோத்தன. ஒரு பக்கம் நிரல் தெரிந்த இளைஞர்கள், கட்டற்ற மென்பொருள் பயனர் குழுக்களைச் சேர்ந்தவர்கள். மறுபக்கம் பாடம் நடத்தத் தெரிந்த ஆசிரியர்கள். விடுமுறை நாள்களில் முகாம் போட்டார்கள். ஒரு சி.டி.யை நகல் எடுத்துப் பத்துப் பேருக்குக் கொடுப்பது குற்றமில்லை, அதுதான் இந்த மென்பொருளின் விதியே என்று தெரிந்தபோது ஆசிரியர்களுக்குக் கிடைத்த விடுதலையைக் கற்பனை செய்து பாருங்கள். ஸ்வதந்த்ர மலையாளம் கம்ப்யூட்டிங் என்ற தன்னார்வலர் குழு 2002 முதல் மலையாளத்தைச் சரிசெய்யும் வேலையில் இறங்கியிருந்தது. பிழையைக் கண்டவர் சொன்னார், தெரிந்தவர் திருத்தினார். நிறுவனத்துக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

பள்ளியில் எதை மாற்ற வேண்டுமானாலும் தேர்வை மாற்ற வேண்டும். கேள்வித்தாளில் இல்லாத எதையும் நம் பள்ளிகள் கற்பித்ததில்லை. எட்டாம் வகுப்பில் தொடங்கிய ஐ.டி. பாடம் வகுப்பு வகுப்பாக மேலேறி, 2005-இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை எட்டியது. எது தேர்வில் வருகிறதோ அதுதான் நிலைக்கும் என்பது இரு தரப்புக்கும் தெரியும். அரசு இறங்கி வந்தது. விண்டோஸும் இருக்கட்டும், லினக்ஸும் இருக்கட்டும், பள்ளி விரும்பியதை எடுத்துக்கொள்ளட்டும் என்றது.

பார்வைக்கு அது நடுநிலை. கையில் ஏற்கெனவே ஒன்று இருக்கும் பள்ளிக்கு இன்னொன்றை எடுத்துக்கொள்ளும் உரிமை இருப்பதாகச் சொல்வது எவ்வளவு பெரிய உரிமை? ஆனாலும் கதவு ஒரு சாண் திறந்துவிட்டது. அந்த ஒரு சாண் வழியாக எத்தனை பேர் நுழையப் போகிறார்கள் என்பதை அடுத்த ஆண்டுத் தேர்தல் முடிவு செய்தது.

* * *

2006 மே மாதம் இடதுசாரிக் கூட்டணியின் வி.எஸ். அச்சுதானந்தன் முதலமைச்சரானார். வயது 82. சிறுவயதிலேயே பள்ளியை விட்டவர். தையல் கடையில் உதவியாளராக, கயிறு ஆலையில் தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கியவர். கணினி அவர் தலைமுறையின் பொருளே இல்லை. ஆனால் நிலம் யாருடையது, உழைப்பின் கருவி யாருடையது என்ற கேள்வியோடு அறுபது ஆண்டுகளைக் கழித்தவருக்கு, மென்பொருள் யாருடையது என்ற கேள்வி புரிய வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. கல்வி அமைச்சர் எம்.ஏ. பேபி.

அந்த ஆகஸ்டில் ஸ்டால்மன் மறுபடி கேரளம் வந்தார். அரசுத் தரப்பினரைச் சந்தித்தார். பள்ளிகளிலிருந்து விண்டோஸை விலக்கும் முடிவு உலகச் செய்தியாயிற்று. 12,500 பள்ளிகள் என்ற எண் உலகெங்கும் அடிபட்டது. ஓர் அமெரிக்கர் வந்து பேசினார், ஓர் இந்திய மாநிலம் மாறிவிட்டது என்ற வகையிலேயே அந்தச் செய்தி இன்றும் பல இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது.

இதை ஏற்க முடியாது. ஸ்டால்மன் எழுப்பிய கேள்விக்கு உலகம் கடன்பட்டிருக்கிறது, மறுக்கவில்லை. 2019-இல் அவர் சொன்ன சில கருத்துகளால் பதவி விலக நேர்ந்ததும், 2021-இல் அமெரிக்கத் தாய் அறக்கட்டளையின் குழுவுக்குத் திரும்பியபோது எழுந்த எதிர்ப்பும் தனி அத்தியாயத்துக்கு உரியவை. ஆனால் கேரளப் பள்ளிகளின் மாற்றம் ஒரு விருந்தாளியின் வருகையில் நடந்ததில்லை. 2001 முதல் ஐந்து ஆண்டுகள் முகாம் போட்டவர்கள், சி.டி. நகல் எடுத்தவர்கள், தேர்வுத்தாளுக்காக வாதாடியவர்கள் ஆசிரியர்கள். அவர்கள் பெயர்கள் உலகச் செய்திகளில் இல்லை.

அதற்குச் சான்று பின்னால் நடந்தவை. பல நாடுகளில் அரசு ஆணை போட்டு லினக்ஸுக்கு மாறினார்கள். ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி மிகுந்த ஆரவாரத்தோடு மாறி, 2017-இல் திரும்பிப் போக முடிவெடுத்தது. கேரளப் பள்ளிகள் திரும்பவில்லை. 2007-இல் மாநிலத் தகவல் தொழில்நுட்பக் கொள்கை கட்டற்ற மென்பொருளுக்கு முன்னுரிமை தந்தது. 2008-இல் பத்தாம் வகுப்பு ஐ.டி. தேர்வு முழுவதும் கட்டற்ற மென்பொருளில் நடந்தது. 2011-இல் ஆட்சி மாறியது, 2016-இல் மறுபடி மாறியது. மென்பொருள் மாறவில்லை. ஆணை போட்டவரோடு ஆணை போய்விடும். கற்றுக்கொண்ட ஆசிரியர் ஓய்வு பெறும்வரை அதே பள்ளியில் இருப்பார்.

குறைகள் உண்டு. தனியார் பள்ளிகளில் பெரும்பாலானவை இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. வேலைக்குப் போகும் இடத்தில் வேறு மென்பொருள் இருக்கிறதே என்ற பெற்றோரின் கவலை நியாயமானது. ஆனால் பள்ளியில் கற்ற பொத்தானையே வேலையிடத்திலும் அழுத்த வேண்டும் என்றால், 2001-இல் விண்டோஸ் கற்றவர்கள் இன்று என்ன செய்வார்கள்? அடிப்படையைக் கற்றவன் எந்தக் கணினியிலும் உட்கார்ந்துவிடுவான். விழிஞ்ஞத்தில் 2025 மே மாதம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட புதிய துறைமுகத்தில், கட்டுப்பாட்டு அறையில் திரை முன்னால் அமர்ந்து தானியங்கிக் கிரேன்களை இயக்குகிறவர்களில் அந்தப் பகுதி இளம்பெண்களும் இருக்கிறார்கள். 2008-க்குப் பிறகு கேரள அரசுப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு முடித்த யாராக இருந்தாலும், பள்ளியில் தேர்வு எழுதிய கணினி லினக்ஸ் கணினிதான்.

தமிழ் வாசகர்களுக்கு ஒரு செய்தி. கேரளத்தில் தமிழ்வழிப் பள்ளிகள் உண்டு. இடுக்கியிலும் பாலக்காட்டிலும் தலைநகர் திருவனந்தபுரத்திலும் அங்கே படிக்கும் பிள்ளைகளுக்கு ஐ.டி. பாடநூல் தமிழில் இருக்கிறது. சந்தை கணக்குப் பார்க்கும் நிறுவனத்துக்குச் சில ஆயிரம் பிள்ளைகள் ஒரு பொருட்டில்லை. மூலநிரல் கையில் இருந்தால் அந்தச் சில ஆயிரம் பேருக்காகவும் மொழியைச் சேர்த்துக்கொள்ளலாம். கருநந்தடக்கனின் 95 இடங்களுக்கும் இதற்கும் உள்ள தூரம் இதுதான்.

2017-இல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் 'கைட்' என்ற அரசு நிறுவனமானது. 2019-இல் அது தன் புதிய லினக்ஸ் தொகுப்பைப் பள்ளிகளின் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளுக்கு அறிவித்தபோது, உரிமக் கட்டணமாகப் போயிருக்கக்கூடிய 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று கணக்குச் சொன்னது.

கதை இங்கே முடிந்திருந்தால் வெற்றிக் கதை. முடியவில்லை.

* * *

2020 மார்ச் கடைசி வாரம். ஊரடங்கு. விழிஞ்ஞத்தில் படகுகள் கரையேறிக் கிடந்தன. கேரளம் முழுக்க வார்டு வாரியாகத் தன்னார்வலர்கள் களத்தில் இறங்கினார்கள். தனிமைப்படுத்தப்பட்டவர்கள் யார், வீட்டில் முதியவர் உண்டா, சர்க்கரை உண்டா, இதயநோய் உண்டா, காய்ச்சல் உண்டா? கேள்விகளுக்கு மக்கள் பதில் சொன்னார்கள். அரசை நம்பினார்கள், சொன்னார்கள்.

ஏப்ரல் 10 அன்று எதிர்க்கட்சித் தலைவர் ரமேஷ் சென்னித்தலா ஒரு பெயரை வெளியிட்டார்: ஸ்பிரிங்க்ளர். அமெரிக்காவில் பதிவான நிறுவனம். கேரளத்தில் வீடு வீடாகத் திரட்டிய உடல்நலத் தகவல்கள் அந்த நிறுவனத்தின் மென்பொருளுக்குள் போய்க்கொண்டிருக்கின்றன என்றார். ஒப்பந்தம் போடும் முன் சட்டத்துறையின் கருத்து கேட்கப்படவில்லை. மென்பொருள் இலவசமாகக் கிடைத்தது என்று அரசு விளக்கம் சொன்னது.

இலவசம். இருபது ஆண்டுகளுக்கு முன் பள்ளிகளுக்கு வந்த அதே சொல். பிள்ளைகளின் கணினிக்காகப் போராடி வென்ற அதே இடதுசாரிகளின் ஆட்சிதான் இப்போது செயலகத்தில் இருந்தது. மூலநிரலைக் காத்தவர்கள், மக்களின் தகவலைக் காத்தார்களா? வழக்கு கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஏப்ரல் 24 அன்று நீதிபதிகள் இடைக்கால உத்தரவைப் படிக்கத் தொடங்கினார்கள்.

அந்த உத்தரவு என்ன சொன்னது, யாரைக் கட்டியது, யாரை விட்டது என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)